மூச்சு யாருடையது?

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி மோதித் தலையில் அடிபட்டவர் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வருகிறார். மூளைச்சாவு என்கிறார்கள். 'நெஞ்சு ஏறி இறங்குதே, உடம்பு சுடுதே' என்கிறது வெளியே காத்திருக்கும் குடும்பம். இதை மதத்துக்கும் மருத்துவத்துக்கும் நடக்கும் மோதல் என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிர் இருக்கிறதா என்றறிய மூக்கருகே பஞ்சை வைத்துப் பார்த்தவர்கள் நம் பெரியவர்கள். மருத்துவர்கள் செய்யும் மூச்சுச் சோதனையும் அதன் வம்சம்தான். கண்மணி ஒளிக்குச் சுருங்கவில்லை, தொண்டையைச் சீண்டினால் இருமல் இல்லை என்று கண்ட பிறகு, வென்டிலேட்டரைக் கழற்றி, குழாயில் ஆக்சிஜனை மட்டும் விட்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏறத் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று காத்திருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். 6 மணி நேரம் கழித்து எல்லாச் சோதனையும் மறுபடி. நாம் பார்த்த மூச்சு எந்திரத்தின் மூச்சு.

இதயம் துடிக்கிறதே, உயிர் அங்கேதானே என்பார்கள். இதயம் தன் துடிப்பைத் தானே பிறப்பித்துக்கொள்ளும் தசை. ஆக்சிஜன் கிடைக்கும்வரை மூளையின் உத்தரவு இல்லாமலும் துடிக்கும். சமயங்களும் இதயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. உச்சந்தலை வழியே உயிர் பிரிவதைக் கபால மோட்சம் என்று உயர்வாகச் சொன்னது நம் மரபு. ராயபுரத்துக் கத்தோலிக்க மீனவரின் திருச்சபையில், இறந்த கணத்தைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை என்று போப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே சொல்லிவிட்டார். 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் மூளைச்சாவை ஏற்றார்கள். திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதியை வணங்குகிறவர், மூச்சடங்கியும் உயிர் போகாத நிலை உண்டே என்று கேட்கலாம். கேட்கட்டும். அது சித்தருக்கு அளித்த விலக்கு. வீட்டில் இறந்தவருக்கு யாரும் அதைக் கோரியதில்லை.

அப்படியானால் மூளைச்சாவை ஏற்கத் தயக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு சட்டத்திலிருந்து. மூளைச்சாவை, மூளைத்தண்டுச் சாவு என்று பெயர் சொல்லிச் சாவில் சேர்ப்பது உறுப்பு மாற்றுச் சட்டம் மட்டுமே. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் இலக்கணத்தில் அந்தச் சொல் இல்லை. அதனால் உறுப்புக்கொடைப் படிவத்தில் கையெழுத்து விழுந்தால் அவர் இறந்தவர். மறுத்தால், அதே கண்மணியோடு, இன்னும் நோயாளி. 2023இல் கொடையாளர்களுக்கு அரசு மரியாதை அறிவித்த தமிழ்நாட்டின் மனம் பெரிது. ஆனால் 'உறுப்புக்காகத்தான் செத்துட்டாங்கன்னு சொல்றாங்க' என்ற சந்தேகத்தை அது தீர்க்காது. அந்தச் சந்தேகத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அநியாயம்.

கேரளம் 2020இல் மூளைச்சாவுச் சான்றைக் கொடையிலிருந்து பிரித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. இங்கும் அப்படிச் செய்தால், கருவியைப் பிடுங்கிக் கொன்றார்கள் என்ற பழி மருத்துவர்மேல் விழும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. அதைத் தணிக்க, மூச்சுச் சோதனையின்போது குடும்பத்தில் ஒருவரைக் கட்டிலருகே நிற்கவைக்கலாம். இரண்டாம் சோதனை முடிந்ததும் இறப்பைச் சொல்லி, பாதிரியாரோ குருக்களோ இமாமோ வந்துபோகச் சில மணி நேரம் கொடுக்கலாம். உறுப்பைப் பற்றிய பேச்சை அதற்கப்புறம், வேறொருவர், வேறோர் அறையில் தொடங்கட்டும்.