புகழுக்கு யார் பொறுப்பு? ‘தி கிங் ஆஃப் காமெடி’ எழுப்பும் அறக்கேள்வி

புகழை நாடுவது தவறா என்ற கேள்விக்கு அறவியல் நெடுங்காலமாக விடை தேடி வருகிறது. மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய ‘தி கிங் ஆஃப் காமெடி’ (1982) என்ற இருண்ட நகைச்சுவைப் படம் அதே கேள்வியை நியூயார்க்கின் தொலைக்காட்சி உலகில் வைத்து ஆராய்கிறது.

ராபர்ட் டி நீரோ ஏற்ற ரூபர்ட் பப்கின் பாத்திரம், நட்சத்திரங்களின் ஆளுயர அட்டை உருவங்களுக்கு நடுவே உட்கார்ந்து, பேட்டி கொடுப்பதுபோல் பேசிப் பழகுகிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மாவின் குரல் அதட்டுகிறது. இரவு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜெர்ரி லாங்ஃபோர்டிடம் (ஜெர்ரி லூயிஸ்) வாய்ப்புக் கேட்டு அலைந்தும் கிடைக்காமல் போகவே, ரூபர்ட் அவரைக் கடத்துகிறான். அவரை விடுவிக்க அவன் கேட்பது பணமல்ல, அவருடைய நிகழ்ச்சியில் தனக்கு ஓர் இடம்.

புகழ் தேடுபவர் நாடும் மதிப்பு என்பது பெறுபவரைவிடத் தருபவரையே அதிகம் சார்ந்தது. ஆகவே அது வாழ்வின் உயர்ந்த நன்மையாக முடியாது என்பது அரிஸ்டாட்டிலின் வாதம். ஆடம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட அறவுணர்வுகள் பற்றிய நூலில், பாராட்டை விரும்புவதையும் பாராட்டுக்குத் தகுதியாக இருக்க விரும்புவதையும் பிரித்துக் காட்டினார். ரூபர்ட்டுக்கு இரண்டாவது விருப்பம் இல்லை. சிறிய மேடைகளில் ஏறிப் படிப்படியாகத் தொழில் கற்றுக்கொள்ளுமாறு ஜெர்ரி சொல்வது அவன் காதில் ஏறுவதே இல்லை.

புகழ் பெற்றவரின் நிலையும் நிறைவானதல்ல. தெருவில் ஜெர்ரியைப் புகழ்ந்து தள்ளும் பெண்மணி, தொலைபேசியில் தன் உறவினரிடம் பேச அவர் மறுத்த மறுகணமே, அவருக்குப் புற்றுநோய் வரட்டும் என்று சபிக்கிறார். இது லூயிஸுக்கே வாழ்க்கையில் நேர்ந்த அனுபவத்திலிருந்து எடுத்த காட்சி. வழிபாட்டில் பக்தர் தம்மை ஒப்புக்கொடுக்கிறார். நட்சத்திர மோகத்திலோ ரசிகர் நட்சத்திரத்தைத் தம் உடைமையாக எண்ணுகிறார். அன்புபோலத் தோன்றுவது உரிமை கொண்டாடலாக இருப்பதால்தான் அது நொடியில் வெறுப்பாக மாறுகிறது.

கேட்ட இடம் கிடைத்து மேடையேறிய ரூபர்ட், ஜெர்ரியைக் கட்டிப்போட்டிருப்பதை அப்படியே சொல்கிறான். அரங்கம் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரிக்கிறது. சிறை சென்று திரும்பியவனுக்குப் பெரும்புகழ் காத்திருக்கிறது. அது நனவா, அவன் கற்பனையா என்று படம் உறுதிப்படுத்துவதில்லை.

புகழுக்காகக் குற்றம் செய்வது புதிதல்ல. கி.மு. 356இல் எபேசு நகரின் ஆர்ட்டெமிஸ் கோயிலுக்குத் தீயிட்ட ஹெரோஸ்ட்ராட்டஸ், தன் பெயர் நிலைக்க வேண்டும் என்றே அதைச் செய்ததாக மரபு கூறுகிறது. நகரத்தார் அவன் பெயரை உச்சரிக்கவே தடை விதித்தனர். ஆனால் வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் எழுதிவைத்ததால் பெயர் தப்பியது. எபேசு தர மறுத்த புகழை ரூபர்ட்டின் சமூகம் தானாகவே வழங்குகிறது. மதிப்பு தருபவர் கையில் இருக்கிறது என்றால், யாரை, எதற்காக மதிக்கிறோம் என்பதும் ஓர் அறச்செயலே. புகழ்வெறிக்கான பொறுப்பில் அதைத் தேடுபவருக்கு உள்ள பங்கு, கைதட்டுபவருக்கும் உண்டு.