பாவமன்னிப்பும் பிணிநீக்கமும்

பாவம் மன்னிக்கப்பட்டால் தேகப்பிணி நீங்குமோ? நம்மவருள் சிலர் கிறிஸ்து மார்க்கத்தினின்று தம்மத்தைத் தழுவினோர். பலர்க்கு உற்றார் இன்றும் அம்மார்க்கத்தில் உளர். வீட்டில் ஒரு பிள்ளை நோயுற்றுக் கிடக்குங்கால், யார் செய்த பாவமோ என்னும் சொல்லே மருந்துக்கு முன் வந்து நிற்கின்றது. ஆதலின் இதனை ஆராய்தல் வேண்டும்.

மாற்கு சுவிசேஷம் 2-ஆம் அதிகாரத்தில், நால்வர் சுமந்துவந்த திமிர்வாதக்காரனுக்கு இயேசு முதலில் அருளியது பாவமன்னிப்பு. எழுந்து நடக்கச் சொன்னது பின்னர். யாக்கோபின் நிருபமும் எண்ணெய் பூசி ஜெபித்தலையும் மன்னிப்பையும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றது. இவ்வெண்ணம் வலுப்பெற்று, 1215-இல் ரோமாபுரியில் கூடிய லாத்தரன் சங்கம், வைத்தியர் மருந்திடுமுன் குருவை அழைக்குமாறு நோயாளியைத் தூண்டவேண்டுமென விதித்தது. நோய் சிலவேளை பாவத்தால் வருகின்றதென்பது அதற்குக் கூறிய காரணம். எனினும் யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில், பிறவிக்குருடன் ஒருவனது குருட்டுக்கு அவன் பாவமும் காரணமன்று, பெற்றோர் பாவமும் காரணமன்று என இயேசுவே மறுக்கின்றார். முன்னதை முழங்குவோர் பின்னதை ஏனோ மெல்லவும் சொல்வதில்லை!

நம் புனே மாவட்டத்துக் கேட்காவுக்கு வருவோம். அங்கு முக்தி சதனத்தை நிறுவிய பண்டித ரமாபாய், மருத்துவம் பயிலும் வேட்கையோடு இங்கிலாந்து சென்றவர். செவிக்குறை அதற்குத் தடையாயிற்று. 1883-இல் ஆங்கு ஞானஸ்நானம் பெற்றார். ஆயினும் அச்செவிக்குறை நீங்கிற்றில்லை, 1922-இல் மறைந்தார். 1905-இல் முக்தி சதனத்தில் பெரும் எழுப்புதல் தோன்றி, பெண்கள் திரள்திரளாகத் தம் பாவங்களை அறிக்கையிட்டு அழுதனர். அவ்விடத்திலேயே பார்வையற்ற மகளிர்க்கெனத் தனி இல்லம் இருந்தது. சுவிசேஷத்தில் கண்பெற்ற பர்திமேயுவின் பெயரே அதற்கு இடப்பட்டது. அம்மகளிர்க்குக் கிட்டியதோ கண்ணன்று. பிரெயில் எழுத்தும் கைத்தொழிலும். இதனை நாம் இகழவில்லை, மெச்சுகின்றோம். ஆனால் மன்னிப்பும் சுகமும் பிரியாதவையெனின், ரமாபாயும் அம்மகளிரும் மன்னிக்கப்படாதவரென்றன்றோ முடியும்? அங்ஙனம் சொல்லத் துணிவார் யார்?

குற்ற உணர்வு நீங்கினால் நெஞ்சு இலேசாகும், உறக்கம் வரும், அதனை மறுப்பாரில்லை. பஞ்சாலையில் உழைத்த காலத்தில் நாம் கண்டது வேறு. ஓய்வுநாள் கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளிலேயே தொழிலாளிக்கு மூச்சுத்திணறல் மிகும். ஞாயிறன்று பாவ அறிக்கை செய்து வந்தவனுக்கும் திங்களன்று நெஞ்சு அடைத்தது. காரணம் பஞ்சுத்தூசி.

நம்மவரும் சிரிப்பதற்கில்லை. பாவம் என்ற சொல்லை விடுத்து, முன்வினை என்ற சொல்லால் அதே நோயாளியை வைவோர் நம் கூட்டத்திலும் உளர். சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் பரிவ்ராஜகன், இன்பதுன்பம் யாவும் முன்வினையாலோ என வினவ, பகவன் அதனை மறுத்தார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், ஒவ்வாத நடக்கை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணம் காட்டினார். எட்டில் ஒன்றே வினை.

விநயத்தின் மகாவக்கத்தில், வயிற்றுக்கடுப்பால் தன் மலசலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் கண்டார். அவர் கேட்டவை, நோய் யாது, பணிவிடைக்கு ஆள் உண்டோ, இல்லையேல் ஏன் என்பனவே. பின்பு ஆனந்தர் நீர் கொணர்ந்தார். பகவன் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர்.