அன்பளிப்பும் அடுக்களையும்

நம்மவர் கலியாணங்களில் மண்டபத்து மூலை மேசையின் மீது வண்ணத் தாள் சுற்றிய பெட்டிகள் அடுக்கடுக்காக இருப்பதை எல்லோரும் கண்டிருப்போம். மறுநாள் அவற்றைப் பிரிக்கும்போது ரைஸ் குக்கர் மூன்றும், இஸ்திரிப் பெட்டி இரண்டும், கெட்டில் நான்கும் வெளிவருவதுண்டு. மணமக்கள் குடிபோகும் வீடோ மூவறை வீடு. அதன் அடுக்களையில் இருவர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டும். கொடுத்தவர் மனத்திலே குறை ஏதும் இல்லை. வாங்கியவர் முகத்திலும் நன்றி இருக்கிறது. ஆயினும் பாதிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேருகின்றன. கொடுத்தவரின் அன்பு மெய்யானதுதான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை என்பதை மறுக்க முடியாது. ஆதலின், வீட்டுச் சாதனங்களை அன்பளிப்பாகத் தேர்ந்தெடுப்பதில் உள்ள நியாயம் யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

மற்றப் பரிசுகளுக்கும் இயந்திரப் பரிசுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பேரீச்சம்பழம் கொடுத்தால் உண்டு மகிழ்வார்கள். துணி கொடுத்தால் உடுத்துவார்கள். அதற்கு மேல் அவை பெற்றவரிடம் எதையும் கேட்பதில்லை. இயந்திரமோ கேட்கிறது. இருக்க இடம் கேட்கிறது. ஓட மின்சாரம் கேட்கிறது. கழுவித் துடைக்க ஒரு கை கேட்கிறது. பழுதானால் பணமும் கேட்கிறது. விலையை நாம் ஒரு முறை கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். மின்சாரக் கட்டணத்தை அவர்கள் மாதந்தோறும் கட்டுகிறார்கள். 2000 வாட் கெட்டில் மொத்தம் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட் மின்சாரம் செலவாகிவிடும். கெட்டிலாவது வேண்டும்போது மட்டும் ஓடும். குளிர்ப்பெட்டியோ இரவும் பகலும் மின்சாரத்தை எதிர்பார்த்து நிற்பது. ஆகவே இயந்திரத்தைக் கொடுப்பவர், பொருளோடு ஒரு பொறுப்பையும் சேர்த்தே கொடுக்கிறார். அதைச் சுமக்கப் போகிறவர் யார் என்று எண்ணிப் பாராமல் கொடுக்கலாமா?

சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. "மனைவிக்கு மிக்சி வாங்கிக் கொடுத்தேன்" என்று கணவர் பெருமையுடன் சொல்கிறார். அந்த மிக்சியில் அரைத்த மசாலாவால் ஆக்கிய ஆணத்தை உண்பவர் யார்? குடும்பம் முழுவதும் அன்றோ! அப்படியிருக்க அது மனைவிக்குத் தந்த பரிசாவது எங்ஙனம்? தச்சருக்கு முதலாளி உளி வாங்கிக் கொடுத்தால் அதனைப் பரிசு என்று யாரும் சொல்வதில்லை. வேலைக்கு வேண்டிய கருவியை வாங்கித் தருவது முதலாளியின் கடமை. வீட்டுக்கு வேண்டிய கருவியை வாங்குவதும் அவ்வாறே குடும்பத்தின் கடமை. கடமையைச் செய்துவிட்டு அதற்கு அன்பளிப்பு என்று பெயரிட்டு நன்றியையும் எதிர்பார்ப்பது, ஒரே பணத்தில் இரண்டு கணக்கை அடைக்கப் பார்ப்பதாகும்.

இதற்கு மறுப்பும் உண்டு. "ஆண்டாண்டுக் காலம் கையால் துணி துவைத்து மணிக்கட்டு நொந்துபோன உம்மாவுக்கு மகன் ஒரு சலவை இயந்திரம் வாங்கித் தருகிறான். அதைக் கடமை என்று சொல்லித் தள்ளுவதா? அதைவிட உயர்ந்த அன்பளிப்பு வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம்முடைய விடை இது: இயந்திரம் அன்பளிப்பா இல்லையா என்பதை, அது மிச்சப்படுத்தும் நேரம் யாருடையதாகிறது என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். துவைக்கும் வேலை நீங்கிய அந்த ஒரு மணி நேரத்தில் உம்மா சாய்ந்து உட்காரலாம், ஓதலாம், அண்டை வீட்டு லாத்தாவோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்றால், மகன் கொடுத்தது பரிசே. "இயந்திரம்தான் இருக்கிறதே" என்று பேரப்பிள்ளைகளின் துணிகளையும் மருமகனின் துணிகளையும் கொண்டுவந்து அதே உம்மாவிடம் கொட்டினால், கொடுத்தது பரிசன்று, கூடுதல் வேலை.

இது வெறும் கற்பனையன்று. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்று ஆசிரியை 1983-ல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். அமெரிக்க வீடுகளுக்குள் இயந்திரங்கள் வந்து குவிந்த பின்னும் குடும்பத்தலைவியரின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். சலவை எளிதானதும் உடைகளை அடிக்கடி மாற்றலாயினர். சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. முன்பு வெளியாரும் வீட்டாரும் பங்கிட்டுச் செய்த வேலைகள் ஒருத்தியின் தலையில் விழுந்தன. இயந்திரம் வேலையைக் குறைக்கலாம். வேலையைப் பங்கிட்டுக் கொள்வது மனிதர் செய்ய வேண்டிய காரியம். சலவை இயந்திரம் கொடுக்கும் மகன், உலர்ந்த துணியை மடித்து வைக்கத் தானும் வந்து உட்காருவானாகில் அவன் அன்பளிப்பு முழுமையாகும்.

பயன்படுத்துபவரை முன்னிறுத்துவதன் சிறப்பை ரைஸ் குக்கரின் வரலாற்றிலேயே காணலாம். ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955-ல் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மினாமி யோஷிதாதா என்பவர். சோதனை வேலையில் பெரும்பங்கு அவர் மனைவி ஃபுமிகோவினுடையது. மீண்டும் மீண்டும் சோறாக்கி, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வெந்தால் பதமாகிறது என்று அளந்து குறித்தவர் அந்த அம்மையார். நீர் வற்றியதும் சூடு 100 பாகைக்கு மேல் ஏறும். அதை உணர்ந்து மின்சாரம் தானே நின்றுவிடும். இதுவே அதன் சூட்சுமம். அடுப்படியில் நிற்பவரின் அனுபவத்தைக் கொண்டு செய்த பொருளாதலால் அது உலகெங்கும் நிலைத்தது. செய்தவர் கேட்டறிந்ததைக் கொடுப்பவரும் கேட்டறிய வேண்டாமா?

"கேட்டுக் கொடுப்பது பண்பாகுமா?" என்று சிலர் தயங்குவர். திடீரென்று கொடுத்து முகம் மலரக் காண்பதில் இன்பம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்பத்தில் பெரும்பங்கு கொடுப்பவருடையது. பத்து ஆண்டுகள் பயன்படும் பொருளைக் கொடுக்கும்போது ஒரு நிமிட வியப்புக்கு அத்துணை மதிப்புத் தரலாகாது. மணமகளின் தாயாரிடமோ மூத்த சகோதரியிடமோ ஒரு வார்த்தை கேட்டால் போதும். உறவினர் நால்வர் நான்கு கெட்டில் வாங்குவதைவிட, நால்வரும் சேர்ந்து நல்ல குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கலாம். வாங்கும்போது முத்திரையையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் குளிர்ப்பெட்டிக்கும் குளிரூட்டிக்கும் 2008 முதல் மின்சிக்கன முத்திரை கட்டாயம். அதில் 'டிக்' அடையாளம் கூடக் கூட மின்செலவு குறையும். மலேசியாவில் அதற்கு நட்சத்திரங்கள் உள்ளன. பாதுகாப்புக்குச் சிங்கப்பூரில் 'சேஃப்டி மார்க்', மலேசியாவில் 'சிரிம்' முத்திரை. விலை மலிவு என்று முத்திரையில்லாப் பொருளை வாங்கிப் பிறர் வீட்டுச் சுவரில் செருகுவது அன்பாகாது.

கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் கீழக்கரைக்கும் சாமான் கொண்டுபோவோரும் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒரு காலத்தில் இங்கிருந்து போகும் இஸ்திரிப் பெட்டிக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது. இன்று அங்கே கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கிறது. மின்னழுத்தம் இரு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றாயினும், இங்கே செருகியின் முனைகள் தட்டை, அங்கே உருண்டை. பழுது பார்க்க உதிரிப்பாகமும் உத்தரவாதமும் கடல் கடந்து போவதில்லை. பணத்தை அனுப்பி, அவர்களுக்குப் பிடித்ததை அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்வது மேல்.

இன்னுமொன்று. வசதி குறைந்த உறவினருக்கு அளவுக்கு மீறிய விலையில் சாதனம் கொடுத்தால், நாளை நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் அதே அளவில் திருப்பிச் செய்யக் கடன் வாங்குவார். ஊரார் பார்க்கும்படி கொடுத்த பெரிய பெட்டி, அவர் வீட்டில் பெரிய பாரமாகும். அவர் திருப்பிச் செய்யக்கூடிய அளவறிந்து கொடுப்பதும், அதிகம் கொடுக்க விரும்பினால் பிறர் அறியாமல் கொடுப்பதும் அவர் மானத்தைக் காப்பதாகும்.

ஆகவே, அன்பர்களே! அடுத்த விசேஷத்துக்குக் கடைக்குப் போகும் முன் நான்கு கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். இதை எங்கே வைப்பார்கள்? யார் கழுவுவார்கள்? யார் கட்டணம் கட்டுவார்கள்? இதனால் மிஞ்சும் நேரம் யாருக்குக் கிடைக்கும்? இந்த நான்கிற்கும் மனம் ஒப்பும் விடை கிடைத்தால் தயங்காமல் வாங்குவோம். கிடைக்காவிட்டால், ஓர் உறையில் வெள்ளியை வைத்து வாழ்த்தி வருவோம். அதில் குறைவேதும் இல்லை.