யட்சிக்குத் திறந்த வாயில்



பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர்களில், பௌர்ணமிதோறும் தம்மம் கேட்கக் கூடும் நம்மவரிடையே சில திங்களாக ஒரு வினா உலவுகின்றது. அதை எழுப்பியவர் ஓர் இளைஞர். "ஐயா, நீலி அந்தப் படையாட்களைக் கொன்றது பாவம் என்றால், அதைக் கண்டு நாங்கள் கைதட்டியதும் பாவந்தானா?" என்று அவர் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. கூடியிருந்த முதியோரில் சிலர், "காலையில்தானே கொல்லாமைச் சீலம் ஏற்றாய்?" என்று அவரை அதட்டினர். சீலத்தைக் காட்டி வினாவை அடைத்துவிடுவது எளிது. ஆயினும் அந்த இளைஞர் முகத்தைப் பார்த்தபோது, அவருக்கு விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு என்றே தோன்றிற்று.

அவர் குறித்தது, 2025 ஆகஸ்டு 28ஆம் நாள் வெளிவந்த 'லோகா: அத்தியாயம் ஒன்று – சந்திரா' என்னும் மலையாளத் திரைப்படத்தை. டொமினிக் அருண் இயக்கியது. கல்யாணி பிரியதர்சன் சந்திராவாக நடித்தது. தமிழிலும் பேசவைத்து வெளியிட்டனர். சந்திரா என்று பெங்களூரில் உலவும் அந்த இளம்பெண் உண்மையில் கள்ளியங்காட்டு நீலியே என்பது கதை. தாழ்ந்தவரென்று தள்ளப்பட்ட காட்டுமக்களின் மகள் அவள். அரசனுடைய ஆட்கள் அவள் கூட்டத்தை அழிக்கின்றனர். அந்த இரவில் அவளுக்கு மானிடருக்கு மிஞ்சிய ஆற்றல் வருகின்றது. பழங்கதையில் யட்சியை அடக்குபவராகச் சொல்லப்படும் கடமற்றத்துக் கத்தனார், படத்தில் அவளுக்கு வழிகாட்டுபவராக வருகின்றார். அவள் தன் ஆற்றலை எளியோரைக் காப்பதற்குச் செலவிட்டு, பெயரை மறைத்துக்கொண்டு, சொந்தமென ஒரு வாழ்வும் இல்லாமல் காலத்தைக் கடக்கின்றாள். படத்தின் இரைச்சல் எனக்கு ஒவ்வவில்லை. நூற்பாலை ரிங் பிரேம்களுக்கு நடுவே நெடுங்காலம் நின்று பாதி செவியை இழந்தவனுக்கே அது மிகை என்றால், மற்றவர் நிலையை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் கதை பொருட்படுத்தத்தக்கதே.

இவ்வகை இருள்சூழ் வீரர் கதைகளுக்கு மேல்நாட்டில் முன்னோடி உண்டு. 1939 முதல் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் உலவும் பேட்மேன், சிறுவயதில் பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். 2008இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தின் முடிவில், ஊரார் நம்பிக்கை குலையாதிருக்கும் பொருட்டு, மற்றொருவர் செய்த கொலைகளின் பழியைத் தம்மேல் ஏற்று, நாய்கள் துரத்த இருளில் ஓடுகின்றார். தியாகந்தான், மறுப்பதற்கில்லை. எனினும் ஊரார் அந்தக் கொலைகளின் உண்மையை அறியவில்லை. உயிரையும் மானத்தையும் ஒருவன் ஈந்தும், ஊர் ஒன்றையும் கற்றுக்கொள்ளாமற் போனால் அந்த ஈகையை எவ்வாறு மதிப்பது? இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

நீலி நமக்கு அயலாள் அல்லள். கள்ளியங்காடு நாகர்கோவிலை அடுத்தது. திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகத் தெற்கே செல்லும் இச்சாலையில், இரவில் சுண்ணாம்பு கேட்டு நிற்கும் யட்சியைப் பற்றிய கதை கேளாமல் வளர்ந்த குழந்தை நம்மில் யார்? காதல் கணவனென்று நம்பியவன் மடியில் துயின்றவளை, நகைக்காக அவனே கள்ளிச்செடியின் கீழ்க் கல்லால் கொன்றான். மறுபிறவியில் அவள் அவனைத் தேடிக் கொன்றாள் என்று வில்லுப்பாட்டில் பாடுவர். தொண்டை நாட்டில் இக்கதையே பழையனூர் நீலி கதை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனைத் தன் கணவன் என்று அவள் வழக்காடினாள். எழுபது வேளாளர், "உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரை ஈடு தருவோம்" என்று வணிகனுக்கு வாக்களித்து அவளோடு அனுப்பினர். மறுநாள் அவன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் தீக்குளித்தனர்.

வாக்குக்காக உயிர்விட்ட அவர்களை நான் இகழேன். ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் ஒருவராவது, "அம்மா, உனக்கு நேர்ந்த தீங்கு யாது?" என்று கேட்டதாகக் கதையில் இல்லை. அவள் யட்சியோ மனைவியோ என்று மட்டுமே ஆராய்ந்தனர்.

இயக்கி என்ற சொல்லோ ஒருகாலத்தில் அச்சத்தின் பெயராக இருக்கவில்லை. மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில், பாறையிற் செதுக்கிய சமணத் திருவுருவங்களோடு, குழந்தைகளும் சிங்கமும் உடன்நிற்க அம்பிகா இயக்கி இன்றும் காட்சி தருகின்றாள். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்திகள் என்னும் சமணத் துறவியம்மையார் அம்மலைப் படாரியாருக்குப் பொன்னணி ஈந்ததை அங்குள்ள கல்வெட்டு உரைக்கின்றது. அதே மன்னன் ஸ்ரீமூலவாசப் பௌத்தப் பள்ளிக்கு நிலம் ஈந்ததைப் பாலியம் செப்பேடு உரைக்கின்றது. ஆகவே இம்மண்ணில் இயக்கி, பள்ளியைக் காக்கும் தாயாக வீற்றிருந்தாள். குமரி மாவட்டத்து இசக்கியம்மன் என்ற பெயரும் இயக்கி என்பதன் திரிபே என்பர் அறிஞர். மலையிலிருந்த காவல்தாய் எப்படிச் சாலையோரப் பேயானாள் என்பதை வரலாற்றறிஞர் ஆராயட்டும். பிறகு வந்த கதைகளில் அவளுக்குக் கிடைத்தது இரும்பாணி. மரத்தில் அறைந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று எண்ணினர்.

படத்தில் வருவது பழங்காலக் கற்பனை என்று சொல்லித் தள்ளாதீர்கள். ஊரூட்டம்பலம் நமக்கு எவ்வளவு தொலைவு? வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். புலையர் பெண் உட்கார்ந்த பள்ளி வேண்டாவென்று எதிர்த்தவர்கள் பள்ளியையே எரித்தனர். அத்தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அப்பள்ளியில் இருக்கின்றது. அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் இன்று அப்பள்ளி தாங்கி நிற்கின்றது. பள்ளி நுழைவுக்காக அவர் நடத்திய போராட்டத்தில் உழவுத் தொழிலாளர் வயலில் இறங்க மறுத்தனர். பட்டினி கிடந்தனர், பணியவில்லை. நம் இளைஞர் கைதட்டியபோது அந்தத் திரையில் அவர் கண்டது யாரை என்று எனக்குத் தெரியும். தம் பாட்டிகளைக் கண்டார்.

இனிப் பகவானிடம் செல்வோம். பகையைப் பற்றிய அந்தத் தம்மபதச் செய்யுள், முதல் வர்க்கத்தில் ஐந்தாவது, நம் குழந்தைகளுக்கும் மனப்பாடம். அது யாரைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். அது ஒரு யட்சியின் கதையில் சொல்லப்பட்டது. காளி என்பது அவள் பெயர்.

முற்பிறவியொன்றில் மலடியான மூத்தாள், இளையாளின் கருவை மருந்திட்டு இருமுறை அழித்தாள். மூன்றாம் முறை தாயும் மாண்டாள். மாண்டவள் வஞ்சினம் உரைத்து இறந்தாள். பின்னர் ஒருத்தி பூனை, மற்றவள் கோழி. ஒருத்தி மான், மற்றவள் சிறுத்தை. பிறவிதோறும் ஒருத்தி மற்றவளின் முட்டைகளையும் குட்டிகளையும் தின்றாள். கடைசியில் ஒருத்தி காளி யட்சி. மற்றவள் சாவத்தி நகரத்து நற்குடிப் பெண். யட்சி அவளுடைய இரு குழந்தைகளைத் தின்றுவிட்டாள். மூன்றாவது குழந்தையோடு வரும் வழியில் யட்சி துரத்த, அப்பெண் ஜேதவனத்துக்குள் ஓடி, பகவானின் திருவடியில் குழந்தையைக் கிடத்தினாள்.

இங்கே கூர்ந்து கேளுங்கள். வாயிலில் சுமனன் என்னும் காவல்தெய்வம் யட்சியை உள்ளே விடவில்லை. நியாயமான காவல்தான், கொலைகாரியைத் தடுப்பது அவன் கடமை. பகவானோ ஆனந்த தேரரை அனுப்பி அவளை உள்ளே அழைத்து வரச் செய்தார். தாய் அலறினாள். அவர் அச்செய்யுளை அருளி, பிறகு அத்தாயை நோக்கிக் குழந்தையை யட்சியின் கையில் கொடுக்கச் சொன்னார். அவள் அஞ்சினாள். அஞ்சாதே என்றார். கொடுத்தாள்.

வீரத் தியாகம் என்று உலகம் புகழும் கதைகள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். தீக்குளித்த எழுபதின்மரைவிட, பழி சுமந்து ஓடிய வௌவால் வீரரைவிட, இரு பிள்ளைகளைத் தின்றவள் கையில் மூன்றாவது பிள்ளையை வைத்த அந்தப் பெண்ணின் கைகளே எனக்குப் பெரியவை. யட்சி குழந்தையை அணைத்து, முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அழுதாள். ஏன் அழுகிறாய் என்று பகவான் கேட்டார். "எவ்வழியிலோ பிழைத்தேன், அப்போதும் வயிறு நிறையவில்லை, இனி எப்படி வாழ்வேன்?" என்றாள். அந்தப் பஞ்சாயத்தில் கேட்கப்படாத வினா இங்கே கேட்கப்பட்டது, விடையும் வந்தது. பசி!

வீட்டுக்கு அழைத்துச் சென்று நல்ல கஞ்சியும் சோறும் கொடு என்று பகவான் அப்பெண்ணிடம் சொன்னார். அவளும் அழைத்துச் சென்றாள். முதலில் உலக்கை குற்றும் இடத்தில் இருத்தினாள். ஒவ்வோர் இடியும் தன் தலையில் விழுவதுபோல் இருக்கிறது என்று யட்சி சொன்னாள். இரவெல்லாம் இயந்திரத்தருகே நின்று, பகலில் அக்கம்பக்கத்து ஓசையில் உறங்க முயன்றவர்களுக்கு இது விளங்கும். அப்பெண், "சோறு போடுவதே பெரிது, இடம் வேறா?" என்று கேட்கவில்லை. இடத்தை மாற்றினாள். அங்கும் ஒவ்வவில்லை, மீண்டும் மாற்றினாள். இறுதியில் ஊர்ப்புறத்தே அமைதியான ஓரிடத்தில் அமர்த்தி, சோற்றை அங்கேயே சுமந்து சென்றாள். யட்சியோ, இவ்வாண்டு மழை மிகும், மேட்டில் விதை; இவ்வாண்டு வறளும், பள்ளத்தில் விதை என்று தோழிக்குச் சொல்லலானாள். ஊரார் அதை அறிந்து தாமும் உணவு கொண்டுவந்தனர்.

ஆதலின் இளைஞருக்கு என் விடை இது. நீலி கொன்றது பிழைதான். சீலத்தில் அதற்கு விலக்கு இல்லை. அழிக்கப்பட்டவளின் துயரத்தை ஒரு திரைப்படமாவது பார்த்ததே என்று உங்கள் கை தட்டிற்றாயின், அதைப் பாவமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அச்செய்யுளைச் சொல்லி, அடிபட்டவனிடம் போய் "நீ பகையை விடு" என்று முதலில் உபதேசிக்கும் பழக்கம் நம்நாட்டில் மிகுதி. கதையில் அவ்வாறு இல்லை. அன்று வீடும் குழந்தையும் சோறும் உடையவள் எவளோ, அவளையே பகவான் முதலில் கையை நீட்டச் சொன்னார். உயர்ந்தவர் என்று தம்மை எண்ணுவோர் இக்கதையைப் படிக்கட்டும் என்று நான் விரும்புகிறேன். அவர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, நாம் படித்தாயிற்று.

நம்மிடையே இரு குடும்பங்கள், வீட்டுக்குச் செல்லும் வழியைப் பற்றிய வழக்கினால் நான்கு ஆண்டுகளாகப் பேச்சற்று இருக்கின்றன. இருவரும் ஒரே நாளில் திரிசரணம் ஏற்றவர்கள். ஒரு வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில், குறுக்கே முள்வேலி இருந்தமையால் சுற்றுவழியே தூக்கிச் சென்றனர். வேலியை இட்டவர் நம் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் அவர் பக்கத்து நியாயம் உண்டு, சுமனனுக்கு இருந்ததுபோல. யார் யட்சி, யார் தாய் என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியேன். அக்கதையிலேயே அவ்விருவரும் பிறவிதோறும் இடம் மாறியவர்கள்தாம். எவரிடம் இன்று வழி இருக்கிறதோ, அவரிடம் மட்டும் தனியே ஒரு சொல் சொல்லியிருக்கிறேன்.

வரும் பௌர்ணமிக் கூட்டம் வேலிக்குக் கிழக்கேயுள்ள வீட்டில் மாலை ஆறு மணிக்கு நடைபெறும். மேற்கு வீட்டாருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். கஞ்சி உண்டு. அன்று அங்குலிமாலர் சரிதம் படிக்கப்படும்.