வெளியே ஊதலாம், உள்ளே கூடாதா?



இந்த வாரம் பாடகர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். திருநாளோடு சேர்ந்து நம் பங்கில் ஒரு பாட்டுச் சண்டையும் வந்திருக்கிறது. கைப்பேசியில் கேட்டுப் பழகிய ஓர் ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டை நம் பிள்ளைகள் திருவிருந்து நேரத்தில் பாடினார்கள். ஒன்று மெதுவாக உருகுகிற பாட்டு. மற்றதில் கீபோர்டில் சாக்ஸபோன் குரலை வைத்து ஜாஸ் மாதிரி வாசித்துவிட்டார்கள். பூசை முடிந்ததும் பெரியவர்கள் சிலர் சக்கிறீஸ்துக்கே வந்து, "சாமி, இது கோவிலா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டார்கள்.

கேட்டதில் தப்பில்லை. 1903ஆம் ஆண்டு இதே செசிலியா திருநாளில், நவம்பர் 22 அன்று, திருத்தந்தை பத்தாம் பயஸ் கோவில் இசையைப் பற்றி ஒரு மடல் எழுதினார். பியானோ கூடாது, முரசு, தாளம் போன்ற இரைச்சல் கருவிகள் கூடாது என்று அதில் இருக்கிறது. அறுபது வருடம் கழித்து, 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டு ஏடு, ஆர்கனுக்குரிய மரியாதையை வைத்துக்கொண்டே, வழிபாட்டுக்குப் பொருந்துகிற மற்றக் கருவிகளுக்கும் வழிவிட்டது. அந்தந்த மக்களின் சொந்த இசைக்கு உரிய இடம் கொடுக்கவும் சொன்னது.

ஆனால் சாக்ஸபோன் மேல் வந்த கோபம்தான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. தேர்பவனியில் பேண்டு செட்டுக்காரர் அதே சாக்ஸபோனை ஊதும்போது யாரும் முகம் சுளிக்கவில்லையே! வெளியே ஊதலாம், உள்ளே கூடாது. இந்த வெளியே, உள்ளே பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

ஜாஸ் எங்கே பிறந்தது? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பிள்ளைகளிடம். சாராயக் கடைகளில் வாசிக்கப்பட்டதால் 'பிசாசின் இசை' என்று அதை ஒதுக்கிய கிறிஸ்தவர்கள் ஏராளம். அந்த இசையில் பெயர் பெற்ற கறுப்பினப் பெண் மேரி லூ வில்லியம்ஸ். 1954இல் பாரிஸில் வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அதன் பிறகு நியூயார்க்கின் ஹார்லெமில் லூர்து மாதா கோவிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்து செபித்தார். போதைக்கு அடிமையான இசைக்கலைஞர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1957இல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார். இசையை அடியோடு விட்டுவிட நினைத்தவரிடம், நீ வாசிப்பதே உன் செபம் என்று எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பியவர்களில் குருக்களும் உண்டு. 1964இல் வந்தது அவருடைய 'பிளாக் கிரைஸ்ட் ஆஃப் தி ஆண்டீஸ்' ஆல்பம். பாடகர் குழு பாடும் துதிப்பாட்டும் ஜாஸ் பியானோவும் அதில் அடுத்தடுத்து வரும். விவிலியக் கதைகளைக் கேலி செய்கிற ஓர் இசைநாடகப் பாட்டின் மெட்டைக்கூட அதே ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். துணிச்சல்காரி!

ஆல்பத்தின் பெயரில் உள்ள 'கறுப்புக் கிறிஸ்து' யார்? கையில் துடைப்பத்தோடு நிற்பாரே, பெரு நாட்டுப் புனித மார்ட்டின் தெ போரஸ், அவர்தான். தாய் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். அந்த இரத்தம் உள்ளவர்களை முழு உறுப்பினராகச் சேர்க்க அன்று துறவு மடத்திலேயே தடை இருந்தது. அவர் வேலைக்காரராக நுழைந்து பெருக்கினார், நோயாளிகளைக் கவனித்தார். 1639இல் இறந்தவரைத் திருச்சபை 1962இல்தான் புனிதராக அறிவித்தது. அவருக்குத்தான் மேரி லூ பாட்டுக் கட்டினார். 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவர் இயற்றிய ஜாஸ் திருப்பலி ஒலித்தது. பியானோவில் அவரே இருந்தார்.

தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் இருந்தார், லுத்தரன் சபைக்காரர். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். கோவிலிலும் அரண்மனையிலும் ஆடிய குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். பின்னால் வந்த மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்தில் பாடத் தடை போட்டபோது கிழவர் கொதித்துப்போனார். அந்தக் கோபம் நியாயம். ஆனால் அதே மூச்சில், ஆலயத்தில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தையும் கெடுக்காதே என்று அவர் வாதாடினார். தமிழ்ப் பாட்டு உள்ளே வரட்டும், தமிழனில் ஒருவன் ஓரமாகவே இருக்கட்டும்! நாமும் பேசத் தகுதி இல்லாதவர்கள். வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த நம் கத்தோலிக்கக் கோவிலிலேயே சாதிக்கொரு பக்கம் இருந்தது. நடுவில் நின்ற தடுப்பு 1910இல்தான் இடிபட்டது.

நம் பங்கில் இன்றும் பறை தேருக்கு முன்னால் வருகிறது. கோவில் வாசலில் நின்றுவிடுகிறது. யாரும் நிறுத்தவில்லை, தானாக நிற்கிறது என்கிறீர்கள். எத்தனை தலைமுறை நிறுத்தினால் ஒரு கருவி தானாக நிற்கப் பழகும்? தாளடி நடவில் குனிந்து பாடுகிற நம் பெண்கள் கோவிலுக்குள் வந்ததும் வாய் திறப்பதில்லை. பாட்டு தெரியாதவர்களா அவர்கள்?

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பென் டிரைவில் டிராக்கைப் போட்டுவிட்டு ஒருவர் மட்டும் உச்சத்தில் பாடினால் சபை சும்மா நிற்கிறது. அது கச்சேரி. பாட்டில் எல்லாம் 'நான்', 'என் கண்ணீர்', 'என் வலி'. பக்கத்தில் நிற்கிறவருக்கு அதில் இடமே இல்லை. சாக்ஸபோன் இருக்கட்டும். சுருதியைக் குறையுங்கள், பாட்டி பாடும் அளவுக்கு.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி தொடங்குகிறது. எல்லா அன்பியத்திலிருந்தும், எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வர வேண்டும். நடவுக்குப் போகும் அக்காமார்களை நானே வீடு வீடாக வந்து கூப்பிடுவேன். பறை அடிக்கும் தம்பிகள் கருவியோடு உள்ளே வரட்டும், பீடத்துக்கு வலப்பக்கம் பாடகர் குழுவோடு உட்காரட்டும். யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் என்னிடம் நேரில் வந்து பேசுங்கள். பிள்ளைகளிடம் வேண்டாம்.