போர் தண்ணீர்

இன்று காலையும் தோல் முட்டைதான். தவிட்டின் மேல் கிடந்ததை எடுத்தால் விரலுக்குள் குழைகிறது. இந்த வாரத்தில் மூன்றாவது. இடுவது செங்கோழி. கிளிஞ்சல் தூள் தட்டில் இருக்கிறது, அதையும் கொத்தத்தான் செய்கிறது. பிறகும் ஏன்?

*

ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம். ஓடு கட்டி முடிய ஏறக்குறைய 20 மணி நேரம், அதில் பெரும்பங்கு இரவில். இரையெல்லாம் தீர்ந்துபோன அந்த நேரத்தில் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. இதற்கென்றே, முட்டைப் பருவம் நெருங்கும்போது, கால் எலும்பின் உட்குழியில் தனியாக ஓர் எலும்பு வளர்கிறது. பெட்டைக்கு மட்டும். பிராய்லர் காலைக் கடித்து உறிஞ்சுகிற நாம் அதைப் பார்த்திருக்க மாட்டோம். அந்த வயது வருமுன்பே வெட்டிவிடுகிறோம்.

உட்குழிச் சேமிப்பு போதாமல் போனால் கெட்டி எலும்பும் கரையும். கூண்டுக்குள் காலூன்ற முடியாமல் சரிந்து கிடக்கும் கோழியை நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் பார்த்திருக்கிறேன். கண்ணில் குறையே இல்லை; தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

*

கீழ்வீட்டுப் பெரியவர் நாமக்கல் பக்கத்துக்காரர். பண்ணை சூப்பர்வைசராக இருந்தவர். மாடியேறி வந்தார். முட்டையைப் பார்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"தம்பி, இந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?"

சென்னை ஐயப்பன்தாங்கலுக்கு வந்து 11 வருடம். போர் தண்ணீரை ஒரு நாளும் குடித்ததில்லை. எங்களுக்குக் கேன்.

*

போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். உப்பில் சோடியம் மட்டுமில்லை, குளோரைடும் இருக்கிறது. 1980களில் ஆஸ்திரேலியாவில் டேவிட் பால்நேவ் குடிநீரில் சமையல் உப்பைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். லிட்டருக்கு 2 கிராமிலேயே ஓடு கெட்டது. பிரான்சைச் சேர்ந்த மோன்ஜின் 1981-இல் ஒரு கணக்குச் சொன்னார்: தீவனத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, குளோரைடைக் கழி; கிலோவுக்கு 250 மில்லிஈக்விவலன்ட் அளவில் நிறுத்து. தீவனக்காரர்கள் இன்றும் இதைச் சுற்றியே பேசுகிறார்கள்.

குளோரைடு மிகுந்தால் இரத்தம் அமிலப் பக்கம் சாயும். அதை ஆற்றவும் எலும்பு கரையலாம். வெயிலில் வாய் பிளந்து இரைத்தால் கரியமில வாயு வெளியேறி, காரப் பக்கம் சாயும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறையும். எதிரெதிர் சாய்வுகள். மெலிவது அதே ஓடு.

இதையெல்லாம் கேட்க ஆள் தேடி, காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பதாகப் படித்ததும் நடந்தே போகலாம் என்று துள்ளினேன். அது பொத்தேரி பக்கத்துக் காட்டுப்பாக்கம். நம் பக்கத்துக் காட்டுப்பாக்கம் வேறு, பெயர் மட்டும் ஒன்று.

*

தொட்டியைக் கழுவினேன். விளிம்பைச் சுற்றி வெள்ளைப் படிவு, நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது. சுண்ணாம்பு. முட்டை ஓடும் இதே சரக்கு.

இப்போது கோழிகளுக்கும் கேன் தண்ணீர். மதியம் கூண்டின் மேல் நனைத்த சாக்கு.

*

ஆறாம் நாள். ஓடு இருக்கிறது, ஒரு முனை மட்டும் மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பு. நேற்று மாலை கோடை மழையும் பெய்தது. தண்ணீரா, குளிர்ச்சியா, சொல்லத் தெரியவில்லை. செங்கோழியின் மார்பெலும்பைத் தடவிப் பார்த்தேன். கையைக் கொத்திவிட்டு இறங்கிப் போனது.