ஆகுமானதற்கும் அளவுண்டு

குடிக்காதவனுக்குக் கல்லீரல் கெடுமா? கெடாது என்றுதான் நாமும் நெடுநாள் நம்பியிருந்தோம். சென்ற ஆண்டு வயிற்று உப்புசத்துக்காக ஒரு வைத்தியரிடம் சென்றோம். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "கல்லீரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது, மது அருந்துவதுண்டா?" என்று கேட்டார். நமக்குக் கோபம் வந்துவிட்டது. ஐவேளை தொழும் மனிதனைப் பார்த்துக் கேட்கும் கேள்வியா இது! "கோபிக்க வேண்டாம் பாய். குடிக்காதவர்களுக்கும் இது வருகிறது. உங்கள் சர்க்கரையையும் இடுப்பையும் பார்த்தாலே காரணம் தெரிகிறது" என்றார் அவர்.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. விலக்கப்பட்டதை விட்டுவிட்டால் மட்டும் மனிதனுடைய கடமை தீர்ந்துவிடுமா?

1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை வைத்தியர்கள், குடிகாரர்களின் கல்லீரலைப் போன்றே கெட்ட கல்லீரலைக் குடிக்காதவர்களிடமும் கண்டு எழுதினார்கள். அதன்பின் இது 'மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்' எனப்பட்டது. 2023இல் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றைச் சேர்த்துப் புதுப்பெயர் சூட்டின. பழைய பெயர் நோயாளி எதைச் செய்யவில்லை என்பதை மட்டும் சொல்லிற்று. அவன் உடலில் நடப்பதைச் சொல்லவில்லை. நாமும் நம்மை அப்படித்தான் கணக்கிட்டு வந்தோம்: குடிக்கவில்லை, சூதாடவில்லை, ஆகவே குறையில்லை என்று.

உடலில் நடப்பது என்ன? கல்லீரல் ஒரு கிடங்கு. சோறு, ரொட்டி, சீனி இவற்றால் வரும் சர்க்கரையில் ஒரு பங்கை அது சேமித்து வைக்கும். கிடங்கு நிறைந்தபின்னும் சரக்கு வந்துகொண்டேயிருந்தால் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றும். தொந்தி பெருத்து, கணையம் சுரக்கும் இன்சுலினின் சொல்லை உடல் கேளாமற்போனால், உடற்கொழுப்பும் அங்கேயே வந்து இறங்கும். கல்லீரலில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது நோய்க்கணக்கு. அந்தக் கல்லீரல் நாம் பசித்திருக்கும் வேளையிலும் இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இதன் கூட்டாளிகள். இந்நோயாளிகளை அதிகம் கொல்வது இருதய நோயே. ஆயினும் பெரும்பாலும் வலி இராது. கல்லாவில் பணம் புரள்கிறதென்று கடன் ஏட்டைப் புரட்டாதவன் நிலைதான்.

இதற்காக நோயாளியைப் பழிப்பது தகாது. பரம்பரையும் காரணமாகலாம், ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. நம் இந்திய வம்சத்தாருக்குக் குறைந்த பருமனிலேயே ஆபத்து தொடங்குவதால் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நள்ளிரவுவரை கல்லாவில் உட்கார்ந்து, கடை கட்டியபின் உண்பவன் நோயைத் தேடிப் போனவனல்லன். ஆனால் அறியாமல் செய்ததற்கும் அறிந்தபின் செய்வதற்கும் வித்தியாசமுண்டு. உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திருடாதிருந்தால் மட்டும் போதாது. அது கெடாமலும் காக்க வேண்டும்.

காக்க வழியும் இருக்கிறது. எடையில் நூற்றுக்கு 5 குறைந்தாலே கல்லீரலின் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 வரை குறைந்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. நாம் சுபுஹு தொழுதபின் நடக்கிறோம். இராச் சோற்றைக் குறைத்தோம். 5 கிலோ இறங்கியிருக்கிறது.

ஆனால் கடைக்காரனுக்கு இன்னொரு கேள்வி மிச்சம். நாம் விற்கும் தே தாரிக்கில் ஊற்றும் டின்பாலுக்கு யார் பொறுப்பு? "கேட்டதைக் கொடுத்தோம்" என்பது போதிய பதிலா? மலேசியாவில் 2019 ஜூலை 1 முதல் சீனி மிகுந்த பானங்களுக்கு வரி உண்டு. அது அடைத்து விற்பவற்றுக்கே. கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேநீருக்கு இல்லை. அங்கே மனச்சாட்சிதான் அளவுகோல்.

ஆகவே சுவரில் எழுதி வைத்துவிட்டு டின்பாலைப் பாதியாக்கினோம். கூடுதலாகக் கேட்பவருக்கு மறுப்பதில்லை. "பாய் கஞ்சனாகிவிட்டார்" என்று சிலர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அது நமக்கு வருத்தமே. ஆயினும் பத்தாண்டுகளாகத் தினம் மூன்று கிளாஸ் குடித்து, இப்போது இன்சுலின் ஊசி போடும் ஒரு பெரியவரின் முகத்தைப் பார்க்கும்போது அந்த நஷ்டம் பெரிதாகத் தோன்றவில்லை.

விற்பது ஆகுமானதுதானா என்று பார்க்கும் நாம், எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டாமா? சகோதர வியாபாரிகளே, சிந்திப்போமாக.